பன்னிரண்டு மரங்கள்

பள்ளிப் பிள்ளைகள் எங்கள் முகாமுக்கு வந்த மூன்றாம் நாள், கூடாரத் தரைக்கு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கிளைகளைப் பரப்புவதுதான் பாடம். அப்பா எண்ணெய் வாங்க விடிவதற்கு முன்பே பனிவண்டியில், உறைந்த ஏரியைக் கடந்து அக்கரை போயிருந்தார். இருட்டுவதற்குள் வந்துவிடுவார். டிசம்பரில் எங்கள் வடகோடிப் பக்கம் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.

"ஒரு மரத்துல ரெண்டு கிளைக்கு மேல ஒடிக்காதீங்க. அதுக்கும் குளிரும்ல," என்று சொல்லி ஆல்ஃபன்சீன் அத்தை பிள்ளைகளைக் காட்டுக்குள் அனுப்பினாள். கூடப் போகச் சொல்வது போல என்னைப் பார்த்தாள். நான் மீன் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். பள்ளியை விட்டு இரண்டு வருடம் ஆகியும் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு நாக்கு எழாது.

"இவ தொண்டையில மீன் முள்ளு மாட்டியிருக்கு," என்றாள் அத்தை, போகிற பிள்ளைகளிடம். "எடுத்து விடுறவங்களுக்கு ஒரு ரொட்டி கூடுதலா."

மத்தியானம் அத்தையும் ஆசிரியரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கக் குடாவில் வலை பார்க்கப் போனார்கள். கை விறைத்துப்போன டெலானி மட்டும் கூடாரத்தில் இருந்தாள். மஞ்சள் தொப்பி போட்ட நெட்டைப் பெண். அவளுக்குச் சூப் கொண்டுபோனேன்.

தரை பச்சையாக, நல்ல மணமாக இருந்தது. அடுப்போரம் மட்டும் ஈரம். தூக்கிப் பார்த்தேன். கிளை இல்லை, முழு இளமரம். அதன் அடியில் முஷ்டி அளவுக்குப் பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்தது. காட்டில் நிற்கிற மரத்தின் அடியில் அப்படி ஒட்டியிருக்காது.

அப்பா ஏரிமேல் நட்ட மரங்கள் அவை. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் கரைமுனைக்கு நேரே அடியில் நீரோட்டம் உண்டு. அங்கே பனி கெட்டிப்படாது. அந்த இடத்தைச் சுற்றி வளைந்து வர, ஏரி உறைந்ததும் பனியில் துளையிட்டுப் பன்னிரண்டு இளமரங்களை நட்டுத் தண்ணீர் ஊற்றி இறுக வைத்திருந்தார். காற்றில் பனி பறக்கும்போது கரை தெரியாது. மரத்துக்கு மரம் பார்த்துத்தான் வருவார். அடுத்த மரம் தெரியாவிட்டால் நின்றுவிடுவார்.

தரையில் அப்படிக் கிடந்த மரங்களை எண்ணினேன். ஒன்பது.

"யாரு புடுங்கினது?" எனக்கே கேட்காத குரலில் கேட்டேன்.

"நாந்தான். காட்டுல இடுப்பளவு பனி, யாரு போறது? இதெல்லாம் சும்மா நட்டு வச்சிருந்துச்சு."

"மீதி மூணு?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எல்லாத்தையும் புடுங்கினப்புறம் திட்டுவாங்களோன்னு பயம் வந்துருச்சு. பழைய ஓட்டையெல்லாம் மூடிக்கிச்சு. முனைக்கு நேரா குத்தினதும் ஓட்டை விழுந்துச்சு. அதான் மூணை மட்டும் அங்க நட்டு வச்சேன். கரையிலருந்து பாத்தா வரிசையா தெரியும்ல."

அந்த இடத்துப் பனி ஆள் நடந்தால் தாங்கினாலும் தாங்கும். எண்ணெய்ப் பீப்பாய் ஏற்றிய வண்டியைத் தாங்காது. மரமே இல்லையென்றால் அப்பா நிற்பார். மூன்று மரம் நின்றால் நம்பி வருவார்.

"அத்தையக் கூட்டிட்டு வா. ஏரிமேல மட்டும் கால வைக்காத," என்றேன்.

இரும்பு முனைக் கழியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெளிச்சம் சாம்பலாகிவிட்டிருந்தது. முழங்கால் உயரத்துக்குப் பனி பறந்தது. ஒவ்வொரு அடிக்கும் கழியால் குத்தினேன். முதல் மரத்தையும் இரண்டாவதையும் பிடுங்கிப் படுக்கப் போட்டேன். மூன்றாவதற்குப் பத்தடி இருக்கும்போது கழி ஒரே குத்தில் உள்ளே இறங்கியது. கறுப்பாகத் தண்ணீர் மேலே வந்தது.

அப்போது வண்டிச் சத்தம் கேட்டது. விளக்கும் தெரிந்தது, அந்த மரத்துக்கு நேரே.

கழியை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டுப் படுத்து ஊர்ந்தேன். அடியில் ஏரி முனகியது. மரம் அதற்குள் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் வளைத்து ஒடித்தேன். விளக்கு இன்னும் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. இயந்திரமும் நின்றது.

"யாரது?"

"நான்ப்பா. செலஸ்டின்."

"எங்க இருக்க?"

"தண்ணிக்கு மேல."

அப்பா வண்டியிலிருந்து இறங்குவது கேட்டது.

"படுத்துத்தான கெடக்க?"

"ம்."

"ம்னு மட்டும் சொன்னா எந்தப் பக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்? பேசிக்கிட்டே இரு."

பேசினேன். கழுவிய மீன்களை எண்ணிச் சொன்னேன். டெலானியின் மஞ்சள் தொப்பியைச் சொன்னேன். பள்ளிக்கு ஏன் போகவில்லை என்பதையும் முதல் தடவையாகச் சொன்னேன். அப்பாவின் கழி பனியில் மோதும் ஓசை நெருங்கி வந்தது. கெட்டி, கெட்டி, கெட்டி. அடுத்த குத்துக்கு ஓசையே இல்லை.

"நிறுத்தாத, பேசு," என்றார், முன்பைவிடத் தணிவாக. "கயிறு வீசுறேன்."

சட்டைக் கைக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. பேசிக்கொண்டே கையை நீட்டினேன்.