ஒச்சப்பன் தேய்மானக் கணக்கு

1975ஆம் வருடம் மார்ச் மாதம் முப்பத்தோராம் தேதி, மாலை ஐந்து மணிக்கு, சிலமலை ஒச்சப்பன் பன்னிரண்டு கிலோ குறைந்தார். அன்றைக்குப் போடியில் ஏலக்காய் விலை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. போடிமெட்டிலிருந்து வந்த ஜீப்பில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவர், தோளில் மூட்டையோடு நின்ற வாக்கிலேயே சிறுத்தார். வேட்டி நழுவியது; மூட்டை மட்டும் பழைய எடையிலேயே இருந்ததால் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். ஏலக்காய் ஸ்டோரில் எடை போடுகிற பால்சாமி அவரைத் தூக்கித் தராசில் வைத்தார். காலையில் விளையாட்டாக ஏறி நின்றபோது அறுபது காட்டிய தராசு இப்போது நாற்பத்தெட்டு காட்டியது. தராசில்தான் கோளாறு என்று சொன்ன வியாபாரிகள் மறுநாளும் அதே தராசில்தான் சரக்கு விற்றார்கள். தேனிக்குக் கொண்டுபோய்க் காட்டியதில் டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஆள் நன்றாக இருக்கிறார், கொஞ்சம் குறைவாக இருக்கிறார், அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார்.

அவருடைய ஒரே மகள் பொன்னுமணி அப்போது பி.காம். முதல் வருடம். வகுப்பில் நாற்பத்தேழு பையன்கள், அவள் ஒருத்தி. பேங்கில் காற்றாடிக்குக் கீழே மகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை ரோட்டில் நின்று ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஒச்சப்பனுக்கு இருந்த ஒரே ஆசை. அந்த மாசியில் கணக்குப்பதிவியல் பேராசிரியர் வெள்ளைத்துரை செய்முறை ஏட்டில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். அவரவர் வீட்டில் வருடக்கணக்காக உழைக்கிற ஒரு சொத்தை எடுத்துக்கொண்டு, அது வருடத்துக்கு எவ்வளவு தேய்கிறது, எப்போது ஒன்றுமில்லாமல் போகும் என்று தேய்மானக் கணக்கு எழுதி வர வேண்டும். தேவாரத்துக் காமராஜ் தன் வீட்டு ஜீப்பை எழுதினான். திருப்பதி பம்புசெட்டை எழுதினான். பொன்னுமணி வீட்டில் உழைக்கிற பொருள் என்று தேடினால் அம்மியும் அய்யாவும்தான் இருந்தார்கள். அம்மி தேய்வதாகத் தெரியவில்லை.

காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டாள். "இன்னும் எத்தனை வருசம்யா மூட்டை தூக்குவீங்க?"

"அஞ்சு வருசம். அதுக்கப்பறம் ஒங்கய்யன் ஒண்ணுத்துக்கும் ஆக மாட்டான். தூக்கிக் கடாசிருங்க."

"இப்ப மட்டும் எதுக்கு ஆகுதாம்?" என்றாள் அடுப்படியிலிருந்த அம்மா சுருளியம்மாள்.

பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. தேவாரம் பஸ்சுக்குள் நின்றபடியே பொன்னுமணி கணக்கை முடித்தாள். அய்யாவுக்கு என்ன விலை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுவரை யாரும் சொன்னதில்லை. ஆகவே விலைக்குப் பதில் எடையைப் போட்டாள். அறுபது கிலோ. உழைக்கும் காலம், ஐந்து வருடம். இறுதி மதிப்பு, இல்லை. வகுப்பில் முதலில் நடத்தியது நேர்கோட்டு முறை. அதன்படி ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றிலும் ஒரே அளவு கழிய வேண்டும், பன்னிரண்டு பன்னிரண்டாக. வெள்ளைத்துரை கூட்டல் கழித்தலை மட்டும் சரிபார்த்து, சிவப்பு மையில் பத்துக்குப் பத்து போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

அடுத்த மார்ச்சில் ஒச்சப்பன் முப்பத்தாறு கிலோவாக ஆனார். மூட்டை தூக்குகிற சோலி போய், பெண்களோடு உட்கார்ந்து காய் பொறுக்குகிற சோலி வந்தது. விரல் சின்னதாகிவிட்டதால் நன்றாகவே பொறுக்கினார். பஸ்சில் கண்டக்டர் சின்னச்சாமி ஆளை அளந்து பார்த்து அரை டிக்கெட் கிழித்தபோதுதான் பெரிய சண்டை வந்தது. "கட்டிக்குடுக்கிற வயசுல மக இருக்கா, எனக்கு அரை டிக்கெட்டாய்யா? முழுசாக் கிழிய்யா!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு டிரைவர் வண்டியையே ஓரங்கட்டிவிட்டார். சின்னச்சாமி முழு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

பால்சாமிதான் ஒருநாள் பொன்னுமணியிடம் மனதில் வஞ்சகமில்லாமல் சொன்னார். "போன வருசமும் பன்னெண்டு, இந்த வருசமும் பன்னெண்டு. நோக்காடுன்னா முன்னப்பின்ன இருக்கும் தாயி. இது யாரோ கணக்கு எழுதிக் கழிக்கிற மாதிரில்ல இருக்கு."

பொன்னுமணி வீட்டுக்கு வந்து செய்முறை ஏட்டைத் திறந்தாள். அறுபது, நாற்பத்தெட்டு, முப்பத்தாறு, இருபத்துநாலு, பன்னிரண்டு. அதற்குக் கீழே, 1979 மார்ச் முப்பத்தொன்று என்று போட்டு, அவளுடைய அழகான கையெழுத்தில் ஒரு சுழி. சுழிக்கு அடியில் அளவுகோல் வைத்து இரட்டைக் கோடும் போட்டிருந்தாள்.

மறுநாள் ஏட்டைக் கொண்டுபோய் வெள்ளைத்துரையிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தானம்மா இருக்கு."

"அதுதான் சார் கஷ்டம்."

தேய்மானமே போடாமல் மாற்றி எழுதலாமா என்று கேட்டாள். அது கணக்கே ஆகாது என்றார். கழித்ததைத் திரும்பக் கூட்ட முடியுமா என்று கேட்டாள். கழித்தது கழித்ததுதான் என்றார். பிறகு, இன்னொரு முறை இருக்கிறது என்று சொன்னார். குறைந்து செல் மதிப்பு முறை. இருப்பதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வருடாவருடம் கழிப்பது. குறையும், ஆனால் தீராது; எத்தனை வருடம் போனாலும் ஏதாவது ஒரு துளி மிஞ்சும். ஆனால் மதிப்பெண் போட்டுக் கையெழுத்தான ஏட்டில் யாரும் கை வைக்க முடியாது. மூன்றாம் வருடப் பரீட்சையில் அந்தத் தாளில் தோற்றவர்கள் மட்டும்தான் புது ஏடு எழுதலாம்.

"நீ தோக்குற பிள்ளை இல்லையேம்மா," என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு பேங்கில், முதல் வகுப்பில் தேறினால் வேலை தருவதாகச் சொல்லிவைத்திருந்தார்கள். அதை ஒச்சப்பனிடமும் அவர் முன்னமே சொல்லியிருந்தார்.

1977 ஏப்ரலில் பொன்னுமணி பரீட்சைக்குப் போனபோது அவளுடைய அய்யா இருபத்துநாலு கிலோ. பிள்ளையார் கோயில் திருநீற்றை எக்கி நின்று அவள் நெற்றியில் பூசி, "வெரசா எழுதிட்டு வா ஆத்தா" என்று பஸ் ஏற்றிவிட்டார். கேள்வித்தாளில் இருந்த ஆறு கணக்கும் அவளுக்குத் தெரிந்த கணக்குகள். மூன்று மணி நேரமும் உட்கார்ந்து ஆறையும் மனதுக்குள்ளேயே போட்டு முடித்தாள். கடைசிக் கணக்கில் இருபக்கமும் பைசா பிசகாமல் சமன் ஆனது. விடைத்தாளில் தேர்வு எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

முடிவு வந்த அன்று, முதல் வகுப்பு காமராஜுக்கும் பேங்கு வேலை திருப்பதிக்கும் போயின. ஒச்சப்பன் பேப்பரை மூன்று தரம் தேடச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் இல்லாமப் போனா போயிட்டுப் போறேன். ஒன்னைய யாரு கேட்டா?" என்றார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். பொன்னுமணி புது ஏடு வாங்கி, இருபத்துநாலு கிலோ என்று தொடங்கி, பத்து சதவீதம் போட்டு எழுதி, அக்டோபரில் மூன்றாம் வகுப்பில் தேறினாள். பேங்கில் மூன்றாம் வகுப்புக்கு நாற்காலி இல்லை. பால்சாமி சொல்லி, அய்யா காய் பொறுக்குகிற அதே ஸ்டோரில் கணக்கெழுத உட்கார்ந்தாள். அங்கே காற்றாடியும் இல்லை.

அதற்கடுத்த மார்ச்சில் அவர் இருபத்தொரு கிலோ அறுநூறு கிராம். பேசவில்லை. தினமும் அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார், அவள் கையைப் பிடித்துத்தான் பஸ் ஏறினார், ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய ஏட்டின்படி சுழி விழ வேண்டிய 1979 மார்ச் முப்பத்தொன்று வந்தது. சுருளியம்மாள் ஸ்டோருக்கே வந்து புருசன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காய் பொறுக்குகிற பெண்கள் முறத்தைக் கீழே வைத்தார்கள். ஐந்து மணி அடித்தது. தராசில் இருந்தவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"இருக்கேனா?" என்றார்.

"இருக்கீங்கய்யா. பத்தொம்பது கிலோ நானூத்தி நாப்பது."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஒரு டீ சொல்லு," என்றார்.

அதற்கப்புறம் வருடங்கள் வேகமாகப் போயின. காமராஜின் ஜீப் ஏட்டில் இருந்தபடியே ஒன்றுமில்லாமல் போனது. ஜீப்புக்கு அது வழக்கம் என்பதால் யாரும் பேசவில்லை. பம்புசெட்டை ஒரு யானை மிதித்துவிட்டது. ரேஷன் கார்டில் ஒச்சப்பன் முழு ஆளாகவே இருந்தார்; தேர்தலில் அவர் விரலில் மை வைக்க அதிகாரிகள் தீக்குச்சி தேடினார்கள். பொன்னுமணியைப் பெண் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். மாமனாரை இடுப்பில் தூக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் இரண்டு பேருமே காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். 1984இல் சுருளியம்மாள் காய்ச்சலில் போனாள். பதினோரு கிலோ சொச்சத்தில் இருந்த ஒச்சப்பனைப் பொன்னுமணி தூக்கிப் பிடிக்க, அவர் குனிந்து வாய்க்கரிசி போட்டார். அவர் கைக்கு நாலு அரிசிதான் வந்தது. ஒன்பது தரம் போட்டார்.

திரும்பி வரும்போது அவள் தோளில் இருந்தபடி கேட்டார். "எனக்கு எப்ப ஆத்தா முடியும்?"

பொய் சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். வரவில்லை. "முடியாதுய்யா. கொறையும், தீராது. அதுக்காகத்தான் அந்த முறையில எழுதினேன்."

கொஞ்ச தூரம் போனார்கள்.

"சரி. ஒனக்கப்பறம் என்னைய யாரு தூக்கிட்டு வருவா?"

அந்தக் கேள்வி எந்த வருடத்துக் கேள்வித்தாளிலும் வந்ததில்லை. பொன்னுமணி அவரை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் பி.காம். பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அவளிடம் பாடம் கேட்க ஸ்டோருக்கு வருகிறார்கள். தேய்மானம் நடத்தும்போது ஒன்றுதான் சொல்வாள்: மூச்சு விடுகிற எதையும் ஏட்டில் எழுதாதீர்கள். பிள்ளைகள் மேசைமேல் உட்கார்ந்திருப்பவரை ஒருதரம் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் தையல் மிஷினையும் சைக்கிளையும் எழுதிக்கொள்கிறார்கள். 1989 மார்ச் முப்பத்தோராம் தேதி ஐந்து மணிக்குப் பால்சாமி எடை போட்டுச் சொன்னார்: ஆறு கிலோ எழுநூற்று எண்பது கிராம். பொன்னுமணி அதைக் குறித்துவிட்டு ஸ்டோரின் வருடக் கணக்கையும் மூடினாள். அய்யாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தேவாரம் பஸ்சில் உட்கார்ந்தாள். சின்னச்சாமி வந்தார்.

"சிலமலை ஒண்ணு," என்றாள்.

"ரெண்டு," என்று துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

சின்னச்சாமி அதற்குள் இரண்டு முழு டிக்கெட்டைக் கிழித்திருந்தார்.