கடைசி எண்

கைப்பேசி எல்லார் பையிலும் வந்து உட்காருவதற்கு முன்னால், கொஞ்ச காலம் மனிதர்கள் இடுப்பில் பேஜரைச் செருகிக்கொண்டு திரிந்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. பீப் என்று கத்தும், சின்னத் திரையில் இரண்டு வரி ஓடும், அவ்வளவுதான். அதில் பேசவும் முடியாது, பதில் போடவும் முடியாது. ஆனாலும் அதை வைத்திருந்தவர்கள் விட்ட பந்தா கொஞ்சநஞ்சமில்லை. அந்த இரண்டு வரியை யார் தட்டி அனுப்புகிறார்கள் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை.

தட்டி அனுப்பியவர்களில் ஒருத்தி ஏழு. அது அவள் உட்காரும் நாற்காலியின் எண். கூடத்தில் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு தொலைபேசி, பன்னிரண்டு கணினி. பேர் சொல்லிக் கூப்பிட அவகாசம் இல்லாததால் எண்ணே பேராகிவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரி வயதில் மூத்தவள், அதனால் எட்டக்கா. மேற்பார்வையாளருக்கு வைத்திருந்த பெயர் கடிகாரம். ஒரு அழைப்பு நாற்பது விநாடியைத் தாண்டினால் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவார்.

விதிகள் சுவரில் ஒட்டியிருந்தன. முதலில் பேஜர் எண்ணைக் கேள், பிறகு செய்தியைக் கேள். சொன்னதைச் சொன்னபடி அடி. தவறான எண்ணுக்கு மாதத்தில் மூன்று செய்தி போனால் வேலை போய்விடும். ஏழுக்கு அந்த மாதக் கணக்கில் ஏற்கெனவே இரண்டு ஏறியிருந்தது. வீட்டில் அப்பா படுக்கையில், தங்கை படிப்பில். சம்பாதிப்பவள் இவள் ஒருத்தி.

அன்று மாலை நாலு இருபதுக்கு ஒரு பெண்ணின் அழுகைக் குரல் வந்தது. பின்னால் பேருந்துகளின் இரைச்சல்.

"அம்மா, சீக்கிரம் எழுதிக்கோங்க. கேஸை மூடாம கிளம்பி வந்துட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருந்தது, இப்பதான் ஞாபகம் வருது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. அவர் அஞ்சு மணிக்கு வருவார். கதவைத் திறந்ததுமே சிகரெட் பத்த வெக்கிற ஆளு…"

எண்ணை முதலில் கேட்டிருக்க வேண்டும். ஏழு கேட்கவில்லை. அழுகிறவளை எப்படி நிறுத்துவது என்று விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"எண் சொல்லுங்கம்மா, எண்!"

"நாலு, ஏழு, ஒண்ணு, எட்டு, ரெண்டு…"

டொக். காசு போட்டுப் பேசும் தொலைபேசி, காசு தீர்ந்துவிட்டது. பேஜர் எண்ணுக்கு ஆறு இலக்கம். கையில் இருந்தது ஐந்து.

ஏழு, மறுபடி மணி அடிக்கும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்தாள். அந்தப் பெண் திரும்பக் கூப்பிடவில்லை. ஆறாவது இலக்கம் பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள் ஏதோ ஒன்று. பத்தில் ஒருத்தர் வீட்டுக்குப் போய்த் தீக்குச்சியைக் கிழிக்கப் போகிறார்.

"எட்டக்கா, பத்து பேருக்கும் அனுப்பிடவா?"

"பைத்தியமா உனக்கு? ஒன்பது தப்பு விழும்டி! மூணுக்கே வீட்டுக்கு அனுப்புவாங்க."

"அனுப்பட்டும்."

அடித்தாள். *கேஸ் மூடவில்லை. வீட்டுக்குள் லைட் போடாதீர்கள், சிகரெட் பற்றவைக்காதீர்கள். ஜன்னலைத் திறங்கள். மனைவி.* எண்ணின் வாலை மட்டும் மாற்றி மாற்றிப் பத்து முறை அனுப்பினாள். ஒரு காகிதத்தில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதிவைத்துக்கொண்டாள்.

ஐந்து நிமிடத்தில் தொலைபேசிகள் கதற ஆரம்பித்தன. வங்கி அதிகாரி ஒருவர் கூட்டத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்தேன் என்று எரிந்து விழுந்தார். எல்லாரையும் தன் லைனுக்கு வாங்கிக்கொண்டு ஏழு ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்: "சார், உங்க வீட்டம்மா வெளியூர் போயிருக்காங்களா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. பொண்ணு ஏதாவது பாத்து வெச்சிருக்கீங்களா?" என்றார் ஒருவர். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அவருடைய எண்ணைக் கேட்டு, காகிதத்தில் அதை அடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

கடிகாரம் வந்து நின்றார். இந்த முறை செருமவில்லை, கத்தினார்.

"ஒன்பது தப்பு! ஒரே மூச்சுல ஒன்பது! எல்லார்கிட்டயும் தவறுதலா வந்துடுச்சு, கண்டுக்காதீங்கன்னு சொல்லு."

"பத்துல ஒருத்தருக்கு அது உண்மை சார். எப்படிச் சொல்லுவேன்?"

"எந்திரி."

அவளை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். அடுத்த மூன்று அழைப்புகளை வெண்ணெய் தடவின குரலில் முடித்தார். "மன்னிக்கணும் சார், தவறுதலான செய்தி. கண்டுக்காதீங்க." அவள் காகிதத்திலேயே மூன்று எண்களை அடித்தார். ஏழு பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மணி நாலு ஐம்பது. மீதி இருந்தது பூஜ்யமும் ஆறும்.

அப்போது எட்டக்கா ரிசீவரைப் பொத்திக்கொண்டு அலறினாள். "ஏழு! அந்தப் பொம்பளைதான்! சில்லறை மாத்திட்டு வந்திருக்கா. கடைசி எண் நாலாம்!"

நாலு, கடிகாரம் அடித்த மூன்றில் ஒன்று.

கடிகாரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "லிஃப்ட் மெக்கானிக்குன்னார்," என்றார் மெதுவாக. "பொண்டாட்டி ஊர்ல இல்ல, பூட்டின வீட்டுல அடுப்பை யார் திறந்து வெச்சிருப்பான்னு கேட்டார். நான்தான் கண்டுக்காதீங்கன்னு…"

ஏழு அவரை நாற்காலியோடு தள்ளிவிட்டாள். நின்றபடியே அடித்தாள். அவசரத்தில் இரண்டு முறை பிசகியது. *முதலில் வந்ததுதான் உண்மை. உங்கள் மனைவி லைனில் இருக்கிறார். தீ வைக்காதீர்கள். உடனே கூப்பிடுங்கள்.*

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. செய்தி போய்ச் சேர்ந்ததா, படித்தாரா, எதையும் இங்கிருந்து தெரிந்துகொள்ள முடியாது. ஒருவழிப் பாதை. எட்டக்காவின் ரிசீவரில் அந்தப் பெண் நாணயத்துக்கு மேல் நாணயமாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். மணி ஐந்தானது. ஐந்து மூன்று. ஏழுக்கு அந்த முகம் தெரியாத ஆள்மேல் கோபம் கோபமாக வந்தது. கூப்பிட்டுத் தொலையேன்!

ஐந்து ஆறுக்கு ஏழாம் தொலைபேசி அடித்தது.

"ஏங்க, ஒரு தடவை பத்த வெக்காதேங்கறீங்க, ஒரு தடவை கண்டுக்காதேங்கறீங்க, மறுபடி வெக்காதேங்கறீங்க! எதைத்தான் நம்புறது? எதிர்க்கடையிலேருந்து பேசறேன். சாவி பூட்டுல தொங்குது, சிகரெட் வாயில இருக்கு."

"பத்த வெச்சீங்களா?"

"குச்சியை எடுத்தேன். அப்பதான் இது கத்துச்சு." குரல் திடீரென்று இறங்கியது. "வாசல்லயே நாத்தம் குடலைப் புரட்டுதும்மா."

ஏழு சட்டென்று திரும்பினாள். எட்டக்காவின் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி, தன்னுடையதைத் தலைகீழாகத் திருப்பி, ஒன்றின் வாயை மற்றதன் காதோடு சேர்த்துப் பிடித்தாள். உள்ளே இரண்டு குரலும் ஒரே நேரத்தில் அழுதன. முதலில் புரிந்த வார்த்தை அந்தப் பெண்ணுடையது: "அந்தச் சிகரெட்டைத் தூக்கிப் போடுங்க முதல்ல!"

நாற்பது விநாடி தாண்டியது. ஐந்து நிமிடமும் தாண்டியது. கடிகாரம் அங்கேயேதான் நின்றிருந்தார், செருமவில்லை.

பிறகு தவறுகளின் பதிவேட்டைத் திறந்தார். ஏழாம் எண்ணுக்கு நேராக ஒன்பது என்று எழுதினார். பேனா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. கீழே புதிதாக ஒரு வரி போட்டு, தவறான செய்தி ஒன்று என்று எழுதி, அதற்கு நேராகத் தன் பெயரை எழுதினார்.

"நாளைக்குக் காலையில மேனேஜரை ரெண்டு பேரும் சேர்ந்தே பாப்போம்," என்றார். "அதுவரைக்கும் உட்காரு. லைன் காத்திருக்கு."

ஏழு உட்கார்ந்தாள். ரிசீவரை எடுத்தாள்.

"வணக்கம். பேஜர் எண் சொல்லுங்க. கடைசி இலக்கத்தை முதல்ல சொல்லுங்க."