சாந்தாமேரி உள்ளே போயிருக்கிறாள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. இதற்குள் வாடகைக்குக் குடியிருக்கிறேன். போன சித்திரையில், பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியானபோது, முதல் ரயிலில் ஏறி ஓடிவந்தவர்களில் அடியேனும் ஒருவன். (பொய். இரண்டாவது ரயில். முதல் ரயிலில் இடம் கிடைக்கவில்லை.) ஆலங்காயத்தில் ஒரு வீட்டின் முன்னறை கிடைத்தது. வீட்டுக்காரர் அமலநாதன், கிணறு வெட்டும்போது குறுக்கே வரும் பாறைக்கு வெடி வைக்கிறவர். வெடிச் சத்தத்தில் காது இரண்டும் போய்ப் பத்து வருஷமாகிறது. அவர் மனைவிதான் சாந்தாமேரி.

இந்த நிமிஷம் சவ்வாது மலைமேல், காட்டிலாகா பங்களாவுக்கு எதிரே, ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாந்தாமேரி உள்ளே போயிருக்கிறாள். பெரிய டாக்கி கம்பெனி ஒன்றின் மானேஜர் அவளை வேலைக்குப் பேட்டி காண்கிறார். கம்பெனியின் பேரைச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் அங்கே மனுப் போடும் ஆசை இருக்கிறது.

2

இரண்டு தரம் வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன்.

"சவ்வாது மலையின் சந்தன மணம் கமழும் தென்றல் மெல்ல—"

இதைச் சாந்தாமேரியிடம் வாசித்துக் காட்டினேன். "மரத்த வெட்டினாத்தான் சார் வாசன வரும். வெட்டினா ரேஞ்சர் புடிச்சிக்கினு போவாரு" என்றாள். தென்றலை அடித்துவிட்டேன்.

"ஏழைப் பெண் சாந்தாமேரி கண்ணீர் மல்க—"

இதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதையும் அடித்துவிட்டேன்.

சங்கதி இவ்வளவுதான். கம்பெனி இங்கே ஒரு காட்டுப் படம் எடுக்கிறது. கதாநாயகனுக்கு வசனம் மனசில் நிற்பதில்லை. மேடை நாடகமென்றால் திரைக்குப் பின்னால் ஒருவர் நின்று எடுத்துக் கொடுத்துவிடலாம். டாக்கியில் அந்தக் குரலையும் மைக் பிடித்துவிடும். அதனால், சத்தமே வராமல் வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் தேவை என்று ஆலங்காயம் சந்தையில் தமுக்கடித்துச் சொன்னார்கள்.

சாந்தாமேரி ஈஸ்டர் தோறும் மாதாகோயில் நாடகத்தில் திரைக்குப் பின்னால் நிற்கிறவள். சத்தமில்லாமல் பேசுவதோ வீட்டில் அவள் அன்றாடம் செய்வது. புருஷனுக்கு உதடு அசைந்தால் போதும். அவர்கள் சண்டைகூட அப்படித்தான். முன்னறையில் இருக்கும் எனக்கு அவருடைய பாதி மட்டும் கேட்கும், தெருவுக்கும் சேர்த்து. தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் எதையும் கத்தித்தான் சொல்வார்.

3

இந்த வேலை அவளுக்கு ஏன் வேண்டும் என்பதை இன்னும் சொல்லவில்லை. சொல்வதைத் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் இதை ஒரு சந்தோஷமான கதையாக எழுத ஆசை.

யுத்தம் கிட்டே வந்ததும் வெடிமருந்துக்கு லைசென்ஸை நிறுத்திவிட்டார்கள். அமலநாதன் ஆறு மாதமாகச் சும்மா இருக்கிறார். அஸ்ஸாம் பக்கம் மலையை உடைத்து ரோடு போடப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். பாறை வெடிக்காரன் என்றால் காதைப் பற்றிக்கூடக் கேள்வி கிடையாது. வருகிற திங்கட்கிழமை ரயில். இங்கே சாந்தாமேரிக்கு வேலை கிடைத்தால் அவர் போக வேண்டியதில்லை.

"வேல செய்றதுக்கு அவரு அஞ்சமாட்டாரு சார்" என்றாள் என்னிடம். "அங்க போய் யார்கிட்ட பேசுவாரு?"

இந்தக் கதையில் இந்த ஒரு வரி நான் எழுதியதல்ல.

4

பயிற்சி கொடுத்தவன் நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மானேஜர் கதை இலாகா வேலைக்காக என்னைப் பேட்டி கண்டிருக்கிறார். நாலு நிமிஷத்தில் வெளியே அனுப்பினார். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும்.

"எங்கள் கம்பெனிப் படம் பார்த்ததுண்டா?" என்று மானேஜர் குரலில் கேட்டேன்.

"வாணியம்பாடி கொட்டாயில ஒண்ணு பார்த்தோம் சார். எனக்கு அவ்ளோ புடிக்கல. அவருக்குத்தான் ஒரே சிரிப்பு. தர்பார்ல ராஜா அழுவுறாரா, பின்னால ஈட்டி புடிச்சவன் பக்கத்து ஆள்கிட்ட 'இன்னிக்கும் சாம்பாருதானா'ன்னு கேக்குறானாம். உதட்டுல தெரியுதாம்!"

"இதை மட்டும் அங்கே சொல்லிவிடாதே. 'ஆஹா, அற்புதமான படம்' என்று சொல்."

"அற்புதமான படம்" என்றாள், மருந்து குடிக்கிற முகத்தோடு.

நேற்று மத்தியானம், அமலநாதன் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி ஒத்திகை. நான் கதாநாயகன். அவள் எதிரே நின்று உதட்டை அசைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி அசைத்தாள். பால் ஊற்ற வந்த முனிசாமியை என் இடத்தில் நிறுத்திப் பார்த்தோம். அவர் பயந்துபோய் அரைப்படி கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்.

"இன்னா சார், இவ்ளோ தெளிவா சொல்றேன், புரியலயா?"

அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. அவள் உதட்டைப் படிக்க உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். பத்து வருஷம் ஒரே வீட்டுக்குள் பேசிப் பழகியதில், எல்லாருக்கும் இது புரியும் என்று இருவரும் நம்பிவிட்டார்கள்.

"எனக்கு மட்டுந்தான் வெளங்குதா?" என்று அமலநாதன் கத்தினார். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. சாந்தாமேரி உட்கார்ந்துவிட்டாள்.

5

இந்த இடத்தில் கெட்டிக்கார எழுத்தாளன் முடிவுகளைக் கையில் வைத்திருப்பான். என்னிடம் மூன்று இருந்தன.

கதாநாயகனுக்கு மட்டும் அவள் உதடு அதிசயமாகப் புரிந்துவிடுகிறது. (நம்ப மாட்டீர்கள்.) கதாநாயகன் அவள்மேல் காதல் கொள்கிறான். (அமலநாதன் என்னை வீட்டைவிட்டுக் காலி பண்ணச் சொல்வார்.) மூன்றாவது: திங்கட்கிழமை, ஜோலார்பேட்டை ஸ்டேஷன். "வண்டி நகர்ந்தபோது, பிளாட்பாரத்தில் நின்ற அவளுடைய உதடுகள்—"

வேண்டாம். அழகாக வந்திருக்கும், அதுதான் பயமாக இருக்கிறது.

6

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை வந்தது. அமலநாதன் என் பக்கத்தில்தான் நிற்கிறார். பங்களாவுக்குக் கண்ணாடி ஜன்னல். உள்ளே மானேஜரின் முதுகும் சாந்தாமேரியின் முகமும் தெரிகின்றன.

அமலநாதன் சட்டையை இழுத்து, "என்ன சொல்கிறாள்?" என்றேன்.

"சாம்பார் கதய சொல்றா சார்!" என்று அவர் போட்ட சத்தத்தில், சமையல்கட்டு வாசலில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியோடு எழுந்து நின்றுவிட்டார்.

தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"'மொதல்ல நான் சொல்றது யாருக்கும் புரியாதுங்க'ன்றா. 'நேத்துதான் எனக்கே தெரிஞ்சிது'ன்றா!"

ஐயோ, அதையுமா!

"'மூணு நாளு குடுங்க. எங்க வூட்டுக்காரரு வெளிய நிக்கிறாரு. உதட்ட எப்படிப் படிக்கிறதுன்னு உங்க ராஜபார்ட்டுக்கு அவரு...'"

நிறுத்திவிட்டார். இது அவருக்கே புதுச் செய்தி. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மெதுவாக அவிழ்த்து இறக்கிவிட்டுக்கொண்டார்.

மானேஜரின் தோள் குலுங்குகிறது. சிரிப்பா, இருமலா, இங்கிருந்து தெரியவில்லை. எழுந்தார். ஏதோ சொல்கிறார். ஆனால் நமக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார். முதுகைப் படிக்க அமலநாதனுக்கும் வராது.

7

சாந்தாமேரி ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். உதடு அசைந்தது. நாலைந்து வார்த்தை இருக்கும்.

"என்ன? என்ன?" என்று அமலநாதன் கையைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதற்கும் கத்துகிற அந்த மனிதர், நான் அறிந்து முதல் தடவையாகச் சத்தமே இல்லாமல் அவளுக்குப் பதில் சொன்னார். உதடு மட்டும் அசைந்தது. உள்ளே அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வேலை கிடைத்துவிட்டதா?" என்று அவர் முகத்துக்கு நேரே போய்க் கேட்டேன்.

"அத உங்க கதையில போடாதீங்க சார்!" என்று மலை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, பங்களாவை நோக்கி நடந்துவிட்டார்.

முடிவு என் கண்முன்னால்தான் நடந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். படிக்கத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால், வாசகரே, கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மானேஜரைச் சிரிக்க வையுங்கள், இரும வையுங்கள், உங்கள் இஷ்டம். அமலநாதனை அந்தத் திங்கட்கிழமை ரயிலில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.