நாலாவது ஆளின் எடை

மூன்று மூட்டை மணல் ஒரு ஆள் கணக்கு. மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. மணமேல்குடிக்குக் கிழக்கே கடற்கரையில், விடிந்ததிலிருந்து செவந்தி மணலை அள்ளிச் சாக்கில் கொட்டி, மீன் நிறுக்கும் தராசில் வைத்து, சணலால் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். பழைய படகுகளில் எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு பெரிய எஞ்சின் மாட்டலாம் என்று மீன்வளத் துறையிலிருந்து சோதித்து எழுத வந்திருந்தார்கள். அந்த வேலைக்குத்தான் அவளைக் கூலிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் படகே அவள் புருஷனைக் கொன்ற படகு என்பது கூப்பிட்டவருக்குத் தெரியாது. அவள் தெரிந்தேதான் வந்தாள்.

பதினெட்டு வருஷத்துப் பைபர் படகு அது. விரிசல் விட்ட இடத்திலெல்லாம் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, படகைவிட ஒட்டுதான் அதிகம். அதில் இருந்த பத்து குதிரைத்திறன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, சீக்கிரம் கரை திரும்ப வேண்டும் என்று இருபதை மாட்டினார் முதலாளி சேவுகன். மாசி மாதக் காற்றில் பின்பக்கம் வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டது. மூன்று பேர் காலிக் கேனைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். ஆனந்தராஜ் மறுநாள் சேர்ந்தான், பிணமாக.

நாலு பேர் ஏறியதுதான் தப்பு, என் எஞ்சின் என்ன செய்யும் என்று ஊர்க்கூட்டத்தில் சேவுகன் கையை விரித்துவிட்டார். நாலாவதாக ஆனந்தராஜை வீடு தேடிவந்து கூப்பிட்டதும் அவர்தான். சோதனை முடியட்டும், தப்பு யார் பக்கம் என்று அப்புறம் பேசலாம் என்று கூட்டம் கலைந்தது. அந்த அப்புறத்துக்காகத்தான் செவந்தி வந்திருந்தாள்.

இஞ்சினியர் ரம்யா இடுப்பளவு தண்ணீரில் நின்று படகின் பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஒன்று போட்டாள். தண்ணீர் அதைத் தொடக்கூடாது. எஞ்சின், எண்ணெய் கேன், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் வைத்த பிறகு மூட்டைகள் ஏறின. அன்று பிழைத்து வந்தவர்களில் ஒருவரான சந்தனம்தான் சுமந்து அடுக்கினார். மூன்று ஆள் வரைக்கும் கோடு தெரிந்தது. ஆனந்தராஜ் உட்காரும் பின்பக்கத்தில் நாலாவது ஆளுக்கான மூட்டைகளை வைத்ததும் கோடு முங்கிப்போனது.

செவந்தி சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"அவரு எழுபத்தொண்ணுதாங்க. நாலு கிலோ கூட இருக்கு. எடுத்துட்டுப் பாருங்க."

மீன் தராசில் விளையாட்டாக ஏறி நின்று எடை காட்டுகிறவன் ஆனந்தராஜ். அவரென்றால் யாரென்று ரம்யா கேட்கவில்லை, சந்தனத்தின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஒரு மூட்டையை அவிழ்த்து நாலு கிலோ மணலை எடுக்கச் சொன்னாள். அப்போதும் கோடு மேலே வரவில்லை.

பிறகு பழைய எஞ்சினை மாட்டி, எண்ணெய் கேனையும் குறைத்துப் பார்த்தார்கள். நாலு ஆள் எடையும் இருக்க, கோடு இரண்டு விரல் மேலே நின்றது.

"பெரிய எஞ்சினும் அது குடிக்கிற எண்ணெயும் சேந்தா ஒரு ஆளு எடைங்க," என்றாள் ரம்யா, கரையில் நின்ற சேவுகனிடம். "பத்து போட்டீங்கன்னா நாலு பேர் போகலாம். இருபதுன்னா மூணு பேர்தான்."

பழைய எஞ்சின் கிடந்திருந்தால் மனுஷன் இன்றைக்கு வீட்டில் இருப்பான். கரையில் கூடி நின்ற ஊரே கண்ணால் பார்த்துவிட்டதே, இனி என்ன பேச்சு இருக்கிறது என்று செவந்தி நினைத்தாள்.

சேவுகன் யோசிக்கவே இல்லை.

"எஞ்சின் இருக்கட்டும்ங்க. ஆளக் கொறச்சுக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். இது மூணு பேர் படகுதான், நான் அன்றைக்கே சொல்லவில்லையா என்றார். அந்த மூன்று பேரில் தானும் இருப்போமா என்ற கவலை சந்தனத்துக்கு. அவர் குனிந்து, சிக்கே இல்லாத வலையில் சிக்கெடுத்தார். நடந்து முடிந்த விபத்தை எழுத இந்தச் சோதனைத் தாளில் இடமில்லையென்று ரம்யா செவந்தியிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

மதியத்துக்குள் படகில் பெயிண்டால் எழுதிவிட்டார்கள்: ஆள் 3, எஞ்சின் 20. பின்பக்கத்து மூட்டைகளைச் சந்தனம் இறக்கிச் செவந்தியின் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஊருக்குச் சாக்குகள் வேண்டுமாம், கொட்டிக் கொடுக்கச் சொன்னார்கள்.

இரண்டைக் கொட்டினாள். நாலு கிலோ குறைந்த மூட்டையை மட்டும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாக்குகளை ஏற்றிப்போக நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் எழுந்து சாக்கைத் தலைகீழாகப் பிடித்தாள். நனைந்த மணல் விழவில்லை. காலியாகும் வரை சாக்கின் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள்.