வாசனை எப்போது போனது

...இரண்டு மூன்று மாதமாக என்று சொல்லிவிட்டேன், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், அந்தச் சின்னப் பெண் டாக்டரும் அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டாள், பெண்டாட்டிக்கு வாசனை எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்டால் ஒரு புருஷனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா, இரண்டு என்றால் இரண்டு, மூன்று என்றால் மூன்று, இரண்டு மூன்று என்பது என்ன அளவு? முப்பத்தோரு வருடம் கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவன் நான், ஆபீஸில் எனக்குப் பெயரே தராசு, ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் கல்லைத் தள்ளுபடி செய்துவிட்டு அடுத்த கடைக்குப் போனவன், பெண்டாட்டியின் தலைக்குள் இருப்பதற்கு உத்தேசம் சொல்லிவிட்டு வந்து நிற்கிறேன். மணி பதினொன்று பத்து. எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள், முடிந்துவிடும் என்றால்... சீ, என்ன புத்தி இது, ஆபரேஷன் முடிந்துவிடும் என்றுதான் அர்த்தம். 'அப்பா, நீங்க இப்படி குறுக்கும் நெடுக்கும் நடந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும், வீட்டுக்குப் போய் அம்மா மூக்குக் கண்ணாடியும் போர்வையும் எடுத்துட்டு வாங்க' என்று மகன் என்னைத் துரத்திவிட்டான். அவன் செய்ததும் சரிதான். அங்கே என்னால் யாருக்கு என்ன உபயோகம்?

போர்வையை எடுத்தாயிற்று, கண்ணாடியும் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது, கிளம்ப வேண்டியதுதானே, ஆனால் கால் வாசலுக்குப் போகாமல் பின்னறைக்குப் போகிறது, இந்த அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. வெயில் படாமல் இருக்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட அறை, அலமாரியில் நான்கு தட்டு, நாற்பத்து மூன்று கண்ணாடி ஜாடி, எல்லாவற்றிலும் பைப்புக்கான புகையிலை, ஒவ்வொன்றிலும் போட்ட தேதி, திறக்க வேண்டிய தேதி. புகையிலையை வாங்கின உடனே பிடிப்பவன் அவசரக்காரன், கொதிக்கிற நீரில் அலசிக் காயவைத்த ஜாடியில் அடைத்து, ரப்பர் வளையம் போட்டு மூடி, நாலு வருடம், ஐந்து வருடம் இருட்டில் விட்டால் காரம் அடங்கி இனிப்பு ஏறும், பொன்னிறம் கறுத்துவரும், நடுவில் திறந்தால் போச்சு, உள்ளே இருக்கிற காற்றுதான் வேலை செய்கிறது, அதை மாற்றினால் வயது மறுபடி முதலிலிருந்து... எத்தனை பேரிடம் இந்தப் பாடத்தை ஒப்பித்திருப்பேன். அறுபத்தாறு வயதில் ஐந்து வருடம் கழித்துத் திறக்கத் தேதி எழுதுகிறவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும். அவள் சிரிப்பாள், 'நீங்க இருப்பீங்களோ இல்லையோ, ஜாடி இருக்கும்' என்பாள். அவள் இருக்கமாட்டாளோ என்று இரண்டு பேருமே ஒருநாளும் நினைத்ததில்லை.

பெரிய டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார், மூக்குக்கு மேலே, நெற்றி எலும்புக்குப் பின்னால், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி, கெட்ட கட்டி இல்லை, மெதுவாக வளர்கிற ஜாதி, முதலில் வாசனை நரம்பை அழுத்தும், அப்புறம் கண் நரம்பைத் தொடும், இப்போது தொட்டுவிட்டது, ஒரு கண்ணில் பார்வை மங்கியதால்தானே வந்தோம். 'வாசனை போனப்பவே வந்திருந்தா சின்னதா இருக்கறப்பவே எடுத்திருக்கலாம்' என்றார், சாதாரணமாகத்தான் சொன்னார், குற்றம் சொல்கிற குரலில் இல்லை, அதுதான் இன்னும் அறுக்கிறது. நான் புகையைப் பற்றிக் கேட்டேன், 'டாக்டர், நான் முப்பது வருஷமா வீட்டுக்குள்ள பைப் பிடிக்கிறேன், அதனாலயா?' இல்லை, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆமாம், ஏமாற்றம்தான், யாரிடமாவது சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். புகையால்தான் என்று சொல்லியிருந்தால் இந்த நாற்பத்து மூன்றையும் இன்றைக்கே குப்பையில் கொட்டிவிட்டு, பைப்பை இரண்டாக ஒடித்துப்போட்டு, தப்பு செய்தவன் தண்டனை கட்டினான் என்று நிம்மதியாக அழுதிருக்கலாம். சம்பந்தமே இல்லை என்றால் இந்தக் குற்றத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

வீட்டில் பால் பொங்கித் தீய்ந்த நாட்கள் எத்தனை, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டின பிறகுதான் இவளுக்குத் தெரியும், கேஸ் அடுப்பு திறந்தபடி கிடந்ததே அன்றைக்கு, 'கவனம் எங்கடி மேயப் போச்சு' என்று கத்தினேனே, அவள் திரும்பத் திரும்ப அடுப்புத் திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அது எப்போது, போன வருடமா, அதற்கு முந்தின வருடமா? தேதி இல்லை. என் தலையில் எதற்கும் தேதி இல்லை, என் தேதியெல்லாம் ஜாடி மேல் இருக்கிறது... ஜாடி மேல்தான் இருக்கிறது. ஐயோ. லேபிளில் வாசனையை எழுதியிருக்கிறேனே. எழுதினது நான், சொன்னது அவள். தவணை முடிந்து திறக்கிற ஒவ்வொரு ஜாடியையும் முதலில் முகர்கிறவள் அவள்தான், புகைபிடிக்காத மூக்குக்குத்தான் நுணுக்கம் தெரியும், 'உன் மூக்குதான் என் தராசு' என்பேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் லேபிளில் எழுதுவேன். இதோ மேல் தட்டு, ஏழு வருடத்துக்கு முந்தையது, என் பொடி எழுத்தில், 'உலர்ந்த திராட்சை, பழைய மரப்பெட்டி, மழைக்கு முன்னால் வரும் மண்.' அடுத்தது, 'புது நோட்டுப் புத்தகம், கொஞ்சம் தேன், என் அப்பாவின் சட்டைப் பை.' சட்டைப் பை என்றபோது கண் கலங்கினாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவளுடைய அப்பா மூக்குப்பொடி போடுவார். இரண்டாவது தட்டு, 'மரப்பெட்டி, திராட்சை.' அடுத்தது 'திராட்சை.' அடுத்ததும் 'திராட்சை.' அப்புறம் 'நல்லா இருக்கு.' அப்புறம் 'நல்லா இருக்கு.' அப்புறம்... இது என்ன, 'திராட்சை' என்று எழுதி ஒரு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன், இது விறகுப்புகையில் வாட்டின இலை, மூடியைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் அடுப்புப் புகை அடிக்கும், இதைப் போய் திராட்சை என்றாள், நான் விழுந்து விழுந்து சிரித்தேன், 'உன் மூக்குக்கும் ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டாங்களா' என்றேன், அவளும் சிரித்தாள். கூடவே சிரித்தாளே, பாவி. பழைய வார்த்தைகளையே எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் அவற்றை ஒழுங்காக, கோணலில்லாமல், தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று வருடம் நாலு மாதம் ஆகிறது இந்த ஆச்சரியக்குறிக்கு.

ஏன் சொல்லவில்லை? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நேற்று ராத்திரி கூட அவள்மேல் எனக்கு உள்ளூரக் கோபம் இருந்தது, தலையை மழித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள்மேல் கோபப்பட எனக்கு எப்படி மனசு வந்தது, 'உங்களுக்குக் கோபம் மூக்கு நுனியில' என்பாள், சரியாகத்தான் சொல்வாள். சொல்லவில்லையா? சொன்னாள். சொன்னாளே... கீழ்த்தட்டில் மூலையில் ஒரு ஜாடி இருக்கிறது, அதன் மேல் மற்றதில் இல்லாத ஒன்று, மூடியின் குறுக்கே ஒட்டின காகிதப் பட்டை, பட்டையில் என் கையெழுத்து, தேதி, 'தள்ளுபடி'. கோணல் தராசுக்குச் சீல் வைக்கிற மாதிரியே வைத்திருக்கிறேன். அது ஒரு சாயங்காலம், நான் கடைக்குப் போய்விட்டு வருகிறேன், அவள் பின்னறை வாசலில் இந்த ஜாடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், இன்னும் ஒரு வருடத் தவணை பாக்கி இருக்கிற ஜாடி, அறையிலே மிகக் காரமான இலை, எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவள் மெதுவாகச் சொன்னாள், 'ஏங்க, இதுல வாசனையே வரலைங்க.' இதுதான் அவள் சொன்னது, ஒரு எழுத்து மாறவில்லை. நான் என்ன சொன்னேன்? 'எப்படி வரும்? திறந்து திறந்து பார்த்தா வாசனை போகத்தான் செய்யும். நாலு வருஷம் பாழாப் போச்சு.' என் புகையிலையைக் குறை சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன், உலகத்தில் வேறு எந்த மடையனாவது ஒரு மனுஷி தன் மூக்கைப் பற்றிச் சொன்னதைத் தன் சரக்கைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொள்வானா? ஜாடியைப் பிடுங்கினேன், மூடினேன், பசையைத் தடவிப் பட்டையை ஒட்டினேன், அவள் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அப்புறம் எந்த ஜாடியை நீட்டினாலும் 'நீங்களே பாருங்க, எனக்கு வேலை இருக்கு' என்று போய்விட்டாள், நானும் முறைத்துக்கொள்கிறாள் முறைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். தேதியைப் பார்க்கிறேன், இரண்டு வருடம் இரண்டு மாதம் ஒன்பது நாள். அவள் வாய்விட்டுச் சொன்ன தேதியை அந்தப் பெண் டாக்டருக்கு இப்போது சரியாகச் சொல்லலாம், கையெழுத்தோடு காட்டலாம்.

இந்த எலுமிச்சம்பழக் கட்டி அன்றைக்கு எந்த அளவில் இருந்திருக்கும்? பட்டாணி அளவா? நெல்லிக்காய்? மணி பதினொன்றரை ஆகிவிட்டது, நான் கிளம்ப வேண்டும், கிளம்பாமல் இந்தப் பட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன், நல்ல பசை, என் பசை எப்போதும் நல்ல பசை, என் கையெழுத்து நடுவில் கிழிகிறது, கிழியட்டும். பாழாய்ப்போனது என்று நானே எழுதின சரக்கை எதற்கு இப்போது திறக்கிறேன், தெரியவில்லை, ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்தால் டப் என்று... கடவுளே. என்ன வாசனை இது. அறை கொள்ளவில்லை, மரமும் வெல்லமும் காரமும் எல்லாமாக அடித்துக்கொண்டு வருகிறது, கண்ணில் நீர் வந்துவிட்டது, எல்லா ஜாடியிலும் இதுதான் நல்ல ஜாடி போலிருக்கிறது. திறந்ததால் பாழாகவில்லை, ஒன்றும் ஆகவில்லை, இது அன்றைக்கும் அறையைத் தூக்கியிருக்கும், அவள் கையில் திறந்தபடிதானே இருந்தது, எனக்கும் அடித்திருக்குமே, மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருந்தவனுக்கு வேறென்ன தெரியும்? எடைக்கல்லைத் தட்டில் வைத்துப் பார்க்காமல் ஒரு தராசையும் நான் தள்ளுபடி செய்ததில்லை, முப்பத்தோரு வருடத்தில் ஒன்றைக்கூட, பட்டிக்காட்டுக் கடைக்காரன் காலில் விழுந்தாலும் சரி, பணக்காரன் மிரட்டினாலும் சரி, சோதித்துவிட்டுத்தான் எழுதுவேன். இந்த ஒரே ஒரு ஜாடியை மட்டும் முகராமல் எழுதிவிட்டேன்.

போன் அடிக்கிறது. மகன். எடுக்கவே பயமாக இருக்கிறது, எடுக்காமல் இருக்க இன்னும் பயமாக இருக்கிறது. 'அப்பா, பயப்படாதீங்க, இன்னும் உள்ளதான் இருக்காங்க, ஒண்ணும் சொல்லலை. கண்ணாடி கிடைச்சுதா?' கிடைச்சுது என்று சொல்ல வாயைத் திறந்தேன், 'நல்லா இருக்குடா' என்று வந்தது. 'என்னப்பா நல்லா இருக்கு?' 'கெட்டுப்போகலைடா, நான்தான்...' 'அப்பா, முதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க. நான் வரட்டுமா?' வேண்டாம் என்றேன், நீ அங்கேயே இரு, அம்மா கண் விழிக்கும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், நான் இதோ வந்துவிட்டேன், அந்த டாக்டரிடம் தேதி சொல்ல வேண்டும், நான் சொன்னது தப்பு. அவன் என்ன தேதி என்று கேட்டான், நான் வைத்துவிட்டேன். திறந்த ஜாடி மடியில் இருக்கிறது, மூடத் தோன்றவில்லை. அன்றைக்கு நான் பசை தடவிக்கொண்டிருந்தபோது அவள் உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் நின்றாள், போவதற்கு முன்னால் ஏதோ சொன்னாள், இரண்டு வருடமாக அது என் காதிலேயே இல்லை, இப்போது இந்த வாசனையோடு சேர்ந்து வருகிறது, 'நீங்க ஒரு தரம் மோந்து பார்த்துச் சொல்லுங்களேன்' என்று. அப்படித்தான் சொன்னாளா, இல்லை நானாக இப்போது அவள் வாயில் போடுகிறேனா... கண் விழித்ததும் அவளிடம் கேட்க வேண்டும். கேட்டால், சொன்னேன் என்பாளோ, என் மனசு நோகாமல் இருக்க, சொல்லவே இல்லை என்பாளோ.