ஒட்டிப் பேசியவள்

சீட்டை எடுத்தது அவள் கைதான். நான்காக மடித்த தாளைப் பிரித்தால் உள்ளே 'ஒட்டி' என்று இருந்தது. பள்ளிகளுக்கிடையிலான சொற்போரின் இறுதிச் சுற்று. தலைப்பு, 'வேலைநிறுத்தம் காலம் கடந்த ஆயுதம்'. இனித் தொழிலாளிக்கு வேலைநிறுத்தமே தேவையில்லை என்று அவளுடைய அணி நிறுவியாக வேண்டும். தயாரிக்க இருபது நிமிடம். அதில் ஐந்து நிமிடம், வெட்டிப் பேசும் சீட்டு வந்திருக்கக் கூடாதா என்று புலம்புவதிலேயே போயிற்று.

பள்ளியில் அவளை எல்லோரும் வக்கீல் என்பார்கள். அந்தப் பெயரை வைத்தது சித்தி. ரத்த உறவு இல்லை. தையல் ஆலையில் அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் பதினான்கு வருடமாகத் தைப்பவள். ஆறு வயதில் இவள் ஒரு மிட்டாய்க்காக அரைமணி நேரம் வாதாடியதைக் கேட்டுவிட்டு, "வக்கீலம்மா, தீர்ப்பு உங்க பக்கம்தான், ஆளை விடுங்க" என்று இரண்டாகக் கொடுத்தவள். அன்று முதல் பேச்சு அவளுக்கு வாய்க்கு ருசியான பண்டமாகிவிட்டது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சொற்போர்க் கழகத்தின் தலைவி. போட்டிக்குப் பரிசளிப்பது அதே தையல் ஆலை என்பதும், முன்வரிசை நடுவில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருப்பவர் அதன் மேலாளர் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, மேடை ஏறிவிட்டால் அவள் கண்ணில் படுவது மணியடிக்கும் மேசை ஒன்றுதான்.

எதிரணியின் நெட்டைப் பையன் நன்றாகவே பேசினான். "குரலே இல்லாதவனிடமிருந்து கடைசி ஆயுதத்தையும் பிடுங்கிக்கொண்டால் அவன் என்ன செய்வான்? சொல்லுங்கள்!" என்று இவள் பக்கம் கையை நீட்டிவிட்டு உட்கார்ந்தான். அரங்கம் கை தட்டியது. மறுப்புரைக்கு இவளுக்கு இரண்டு நிமிடம். எழுந்து நின்றபோது மூளை துடைத்த பலகை மாதிரி இருந்தது. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தவித்த அந்த நொடியில், வீட்டில் அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்ன ஒன்று தானாக நாக்குக்கு வந்து நின்றது.

"நடுவர் அவர்களே, நண்பர் தொழிலாளியை அப்பாவி என்று நினைக்கிறார். எனக்குத் தெரிந்த தையல்காரப் பெண்கள் இருக்கிறார்கள். முதுகு வலித்தால் அவர்கள் கொடி பிடிப்பதில்லை. நூல் வெட்டும் கத்தரியின் முனையால் ஊசிக்கடியில் நூல்கண்டைப் பிடித்திருக்கும் பாபின் உறையில் ஒரு சின்னத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துவார்கள். தையல் தொளதொளவென்று விழும். மெக்கானிக் ஓடி வருவார். அவர் தேடு தேடென்று தேடிக் கண்டுபிடிக்கும் வரை பத்து நிமிடம் ஓய்வு! கால் சுற்றில் முடிகிற காரியத்துக்கு வேலைநிறுத்தம் எதற்கு?"

அரங்கம் அதிர்ந்தது. நடுவர்களே சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் மேலாளர்தான். சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பாராட்டி ஏதோ எழுதிக்கொள்கிறார் என்று நினைத்து அவள் நெஞ்சை நிமிர்த்தினாள். கேடயம் அவர்கள் பள்ளிக்கு. சிறந்த பேச்சாளர் அவள்.

நாலாம் நாள் சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்தாள். தோள்பையைக்கூட இறக்காமல் கதவோரமே நின்றாள்.

"மேடையில என்ன பேசின?"

"எதும்மா?"

"எனக்கு அப்படியே பேசிக் காட்டு. இங்க மணி அடிக்க ஆளில்ல. நிதானமா பேசு."

பேசினாள். கத்தரி முனை என்ற இடத்திலேயே அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். நிறுத்தினாள். "ம், மேல" என்றாள் அம்மா. மெக்கானிக் வரைக்கும் வந்தாள். அங்கேயே மறுபடி நிறுத்திக்கொண்டாள்.

"கைதட்டுற இடம் இன்னும் வரலையே" என்றாள் அம்மா. பிறகு தோள்பையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள். திங்கட்கிழமை காலையிலேயே ஒவ்வொரு மெஷினையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இனி யாருக்குத் தையல் தளர்ந்தாலும் கையைத் தூக்க வேண்டும். மேற்பார்வையாள் வந்து, நின்று, பார்த்துச் சொன்னால்தான் மெக்கானிக் வருவார். யார் ஆரம்பித்தது என்று எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். பேசியது யாருடைய மகள் என்று மேலாளருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அம்மா வாயைத் திறப்பதற்கு முன் சித்தி ஒரு அடி முன்னால் வந்து நின்றாளாம்.

"நான்தான் எல்லாருக்கும் கத்துக்குடுத்தேன்னு சொன்னா. அப்பவே அடையாள அட்டையை வாங்கிட்டு வெளிய அனுப்பிட்டாங்க. அதை முதல்ல கண்டுபிடிச்சது யாருன்னு தெரியுமா உனக்கு? நான். நீ வயித்துல இருந்தப்போ, உட்கார முடியாம கண்டுபிடிச்சது." அம்மாவின் குரல் ஏறவே இல்லை. "மென்னு துப்பறதுக்கு உனக்கு என் முதுகுதான் கிடைச்சுதா? இப்ப எவளும் என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட மாட்டேங்கிறா. ஆத்தாளும் மகளும் சேர்ந்து போட்டுக் குடுத்தாங்கன்னு பேசறாங்க."

அடித்திருந்தால்கூடத் தேவலை. அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் சித்தி வீட்டுக்குப் போனாள். திட்டு வாங்கத்தான் போனாள். வாங்கினால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தாள். சித்தி கதவைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, "நிறைய கைதட்டினாங்களா?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்தது. சீட்டின் மேல், நெட்டைப் பையனின் மேல், சிரித்த நடுவர்களின் மேல், எல்லாவற்றுக்கும் மேல் தன் நாக்கின் மேல். அதே தலைப்பில் வரவிருந்த மாவட்டப் போட்டிக்கான பயிற்சியில் கழகப் பொறுப்பாசிரியர் உற்சாகமாக இருந்தார்.

"அந்தப் பாபின் விஷயத்தை மட்டும் விட்டுடாத. அதுதான் உன் துருப்புச்சீட்டு."

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் உச்சுக் கொட்டினார். நிஜமாகவே வருத்தப்பட்டார் போலத்தான் இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாவம்தான். ஆனா போட்டி வேற, வாழ்க்கை வேற. நம்ம கையில சீட்டு எப்படி விழுதோ அப்படிப் பேசறோம்" என்றார்.

"சீட்டு என் கையில விழுந்துச்சு சார். வேலை சித்தி கையை விட்டுல்ல போச்சு."

"ஆகா! இந்தக் கோபத்தை அப்படியே மேடையில காட்டு. மதிப்பெண் கொட்டும்."

அவள் குறிப்பேட்டை மேசையில் போட்டாள். போட்ட சத்தத்தில் கரும்பலகை ஓரம் நின்றிருந்த மற்ற இரண்டு பேரும் திரும்பினார்கள். பையை எடுத்துக்கொண்டு, சீருடையோடு, நேரே தையல் ஆலைக்கு நடந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கினாள். நான் சொன்னது கட்டுக்கதை, ஜெயிக்கிறதுக்காகக் கட்டினது, அதுக்காக ஒருத்தரை வேலையைவிட்டு அனுப்பினது அநியாயம். மூன்றே வாக்கியம். இதைவிடக் கடினமான பக்கத்தையெல்லாம் அவள் ஒட்டிப் பேசி ஜெயித்திருக்கிறாள்.

மேலாளர் அவளை உடனே வரச் சொன்னார். எழுந்து நின்று வரவேற்றார். மூன்று வாக்கியத்தையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு தட்டை எடுத்து அவள் முன் வைத்தார். தட்டு நிறையப் பாபின் உறைகள்.

"ஒண்ணு எடுத்துப் பாரும்மா. திருகோட தலையைப் பாரு."

கடுகளவு திருகு. தலையெங்கும் கத்தரி முனையின் கீறல். ஒன்றன்மேல் ஒன்றாக, பல வருடத்துக் கீறல்.

"முன்னெல்லாம் மெக்கானிக்கை ஒரு நாளைக்கு நாப்பது தடவை கூப்பிடுவாங்க. இப்ப ஆறு. நீ சொன்னது கதை இல்லம்மா. எங்க ஆளுங்க இத்தனை வருஷத்துல கண்டுபிடிக்காததை ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்ட."

"அந்தப் பத்து நிமிஷம் அவங்களுக்கு எதுக்குத் தேவைப்பட்டுதுன்னு கேட்டீங்களா?" அவள் குரல் அறைக்கு வெளியே கேட்டிருக்கும். "பதினாலு வருஷம் தைச்சவங்களை வரிசையில நிக்கவெச்சுக் கேட்டீங்களே, இதைக் கேட்டீங்களா? முதுகு நிமிர முடியலைன்னா மனுஷங்க என்ன செய்வாங்க?"

"எதுக்குக் கேக்கணும்? முதுகு வலின்னு நீயே சொன்னியே." அவர் கோபப்படவே இல்லை. "நான் சிரிச்சேன், சரி. நீயும் சிரிச்சுக்கிட்டேதானேம்மா சொன்ன?"

மணி அடிக்காமலேயே வாய் நின்றுபோனது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "சித்தியைத் திரும்ப எடுங்க" என்று மட்டும் சொன்னாள். சொன்னது அவளுக்கே பாடம் ஒப்பிக்கிற குழந்தைக் குரல் மாதிரிக் கேட்டது.

"பார்க்கலாம்" என்றார் மேலாளர். பார்க்க மாட்டார் என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருந்தது. "வந்ததுதான் வந்த, தையல் கூடத்தைப் பார்த்துட்டுப் போ" என்று அறையின் மறுபக்கத் திரையை இழுத்தார். சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே கூடம். குனிந்த தலைகள் எட்டு வரிசை. மெக்கானிக் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். நாலாவது வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கியபடி காத்திருந்தாள். மேற்பார்வையாள் அவளைப் பார்க்காதது போல வேறெங்கோ நடந்தான்.

மூன்றாவது வரிசையில் அம்மா. பக்கத்து மெஷினில் ஆளில்லை. அம்மா தைத்ததைப் புரட்டிப் பார்க்கத் தலையை நிமிர்த்தினாள். நிமிர்ந்த பார்வை மேலே கண்ணாடிக்கு வந்தது. அங்கே மேலாளரும் அவருக்குப் பக்கத்தில் சீருடையில் மகளும் நின்றார்கள்.

அவள் சட்டென்று இரண்டு அடி தள்ளி நின்றாள். மேலாளர் எதையோ சுட்டிக்காட்டிப் பேசியபடி அவரும் இரண்டு அடி நகர்ந்து வந்தார். அவள் கண்ணாடியின் கடைசி ஓரம் வரை போனாள். அதற்கப்பால் சுவர். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்தாள். ஊசிக்கடியில் துணி ஓடத் தொடங்கியது.