நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு

வேல்ராஜ் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பும்வரை வாசலில் நின்றான். பால் காய்ச்சி டீ குடித்தான். முந்தின நாள் சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டான். சட்டையை இஸ்திரி போட்டான். ஏழரைக்கு வீட்டைப் பூட்டினான். பதினாறு மாதமாக இதே வரிசைதான். இன்று கையில் ஒரு மஞ்சள் பை மட்டும் கூடுதல். அதில் அவன் மனைவி சுகந்தியின் சம்பளச் சீட்டுகள் இருந்தன.

உச்சிப்புளியிலிருந்து மண்டபத்துக்கு வேலைக்குப் போகிற வழியில் ஒரு வேன் அவள் ஸ்கூட்டியை அடித்துப் போட்டது. அவள் பிழைக்கவில்லை. நஷ்டஈட்டு வழக்கு ராமநாதபுரம் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. வேன் மோதியதை யாரும் மறுக்கவில்லை. அவள் சம்பளத்தைத்தான் மறுத்தார்கள்.

கோர்ட் வாசலில் அவன் அப்பா முனியசாமி காத்திருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"இது எதுக்கு அய்யா?"

"வக்கீலம்மாவுக்கு. நம்ம கொல்லையில வெளஞ்ச மொளகா வத்தல். ஃபீஸு தனி, இது தனி."

வக்கீல் உமாமகேஸ்வரி பொட்டலத்தை வாங்கி மோந்துவிட்டுக் கைப்பையில் வைத்தாள். பிறகு வேல்ராஜை ஓரமாக அழைத்துப் போனாள்.

"சார், இன்னிக்கு உங்களைக் குறுக்கு விசாரணை பண்ணுவாங்க. சாதாரண ஆபீஸ் வேலைக்கு இவ்வளவு சம்பளமான்னுதான் கேப்பாங்க. இப்பல்லாம் இது சகஜம்னு சொல்லிருங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க. நம்பலைன்னா பழைய சம்பளம் பதினெட்டாயிரத்துல நிறுத்திருவாங்க."

வேல்ராஜ் தலையாட்டினான். வருகிற பணத்தைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. கோர்ட் ஏட்டில் சுகந்தி பதினெட்டாயிரத்துக்காரியாகவே நின்றுவிடுவாள் என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

கூண்டில் ஏறினான். இன்சூரன்ஸ் வக்கீல் நிதானமாகத் தொடங்கினார்.

"உங்க மனைவி என்ன படிச்சிருந்தாங்க?"

"பி.ஏ. வரலாறு."

"வேலை?"

"நண்டு, இறால் ஏற்றுமதி பண்ற கம்பெனி. சரக்கோட போற பேப்பர் எல்லாம் தயார் பண்ணுவா."

"கம்ப்யூட்டர்ல டைப் அடிப்பாங்க?"

"அதுவும் செய்வா."

"மூணு வருஷம் பதினெட்டாயிரம். கடைசி மூணு மாசம் மட்டும் திடீர்னு நாப்பத்தோராயிரத்து ஐந்நூறு. எங்க ஆளு உங்க சொந்த ஊர் டீக்கடையில போய் விசாரிச்சாரு. உங்க அப்பா அறுபதாயிரம்னு சொல்லியிருக்காரு. கூட்டிச் சொல்றது உங்க குடும்பப் பழக்கமா?"

கோர்ட்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பின் பெஞ்சில் முனியசாமி எழுந்துவிட்டார்.

"சாமி, அது நாந்தான் சொன்னது."

"பெரியவரே, உக்காருங்க," என்றார் நீதிபதி.

"உக்காருறேன் சாமி. பக்கத்து வீட்டுத் தங்கசாமி, எம் மகன் மெட்ராசுல அம்பது வாங்குறான்னு தெனமும் பீத்திக்கிட்டு இருந்தான். பொறுக்க மாட்டாம எம் மருமக அறுபது வாங்குறான்னு விட்டேன். அந்தப் புள்ள வாயில ஒத்த ரூவா கூடி வந்ததில்ல சாமி."

"சரி, உக்காருங்க." நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தார் போலிருந்தது.

இன்சூரன்ஸ் வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேராவே கேக்குறேன். இந்த ஜில்லாவுல சாதாரண ஆபீஸ் வேலைக்கு நாப்பத்தோராயிரம் கிடைக்கிறது சகஜமா?"

உமாமகேஸ்வரி லேசாகத் தலையசைத்தாள். வேல்ராஜ் அவளைப் பார்த்தான். பின் பெஞ்சில் அய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்."

உமாமகேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தாள்.

"சகஜமே இல்ல. நான் பி.காம். சிமெண்ட் கடை ஆபீஸ்ல எட்டு வருஷமா இருக்கேன். பதினாலாயிரம். அவ ஆபீஸ்ல அவளையும் சேத்து நாலு பேரு. மத்த மூணு பேரும் பதினஞ்சைத் தாண்டல. கூடக் கேட்டா, போயிட்டு வாங்கம்பாக. வெளிய பத்துப் பேரு நிப்பாக. அவளுக்கு மட்டுந்தான் அந்தச் சம்பளம்."

"அதைத்தான் நானும் கேக்குறேன். அவங்களுக்கு மட்டும் ஏன்?"

உமாமகேஸ்வரி பேனாவை மறுபடி எடுத்தாள்.

பதினாறு மாதத்தில் வேல்ராஜ் இவ்வளவு பேசியதில்லை. ஒரு நண்டுக் கண்டெய்னர் வெளிநாட்டுத் துறைமுகத்தில் பேப்பர் சரியில்லையென்று பதினோரு நாள் நின்றதைச் சொன்னான். பேப்பர் போட்டவர் தூத்துக்குடி ஏஜெண்ட். அவருக்கு மாதம் ஐம்பதாயிரம். சுகந்தி அந்த நாட்டு விதிகளை எடுத்து வைத்து, தெரியாத இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் ஒரு நோட்டில் தமிழ் அர்த்தம் எழுதிப் படித்தாள். தப்பைக் கண்டுபிடித்து வேறு பேப்பர் போட்டாள். கண்டெய்னர் வெளியே வந்தது.

"மறுமாசம் முதலாளி ரூமுக்கு அவளே போனா சார். அந்த வேலைய நான் செய்றேன், அவருக்குக் குடுக்கிறத எனக்குக் குடுங்கன்னா. முதலாளி இருபத்தஞ்சுன்னாரு. அவருக்கு அம்பது, எனக்கு மட்டும் ஏன் இருபத்தஞ்சுன்னு கேட்டா. பேசிப் பேசி நாப்பத்தொண்ணரையில வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் ஒரு சரக்குகூடத் திரும்பி வரல. யாரும் தூக்கிக் குடுக்கல சார். கேட்டு வாங்கினா."

"அந்த நோட்டு இருக்கா?" என்று கேட்டார் நீதிபதி.

இருந்தது. மஞ்சள் பையின் அடியில். நீதிபதி பக்கம் பக்கமாகப் புரட்டினார். நோட்டும் சான்றாவணமானது.

வெளியே வந்ததும் உமாமகேஸ்வரி பிடித்துக்கொண்டாள். "இந்த நோட்டை என்கிட்ட காட்டவே இல்லையே சார்?"

"நீங்க கேக்கலையே மேடம். சகஜம்னுதானே சொல்லச் சொன்னீங்க."

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இறந்தவரின் மாத வருமானம் ரூபாய் நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு என்று இந்தத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது. அந்த ஒரு வரியை முனியசாமி மகனை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

"ஏலே, இதுல ஒரு ஜெராக்ஸ் எடு. தங்கசாமிட்ட காட்டணும்."

"அவருட்ட அறுபதுன்னுல்ல சொல்லி வச்சிருக்கீக?"

"இருக்கட்டும். அது நாஞ் சொன்ன அறுபது. இது கோர்ட்டு சொன்ன நாப்பத்தொண்ணர."

ஜெராக்ஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பையை மேலே தடவிப் பார்த்துக்கொண்டார். பஸ் ஸ்டாப்பில் அவர் ஊர் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

"நான் கூட்டிச் சொன்னது அவளுக்குத் தெரியுமாலே?"

"தெரியும் அய்யா. அன்னைக்குக் காலையிலகூட, ஸ்கூட்டிய எடுக்கும்போது சொன்னா. நாந்தான் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

"என்ன சொன்னா?"

வேல்ராஜ் அவள் சொன்னபடியே சொன்னான்.

"மாமாட்ட பதமாச் சொல்லுங்க. அறுபதெல்லாம் வேணாம். நாப்பத்தொண்ணரையே எங்க ஆபீஸ்ல வேற யாரும் வாங்கல."